டாங்க் மூடியிலிருந்து சுரண்டிய சந்தனம்

மாரியம்மனை நம்பி நாளைக் கடத்துகிற எல்லாருக்கும் முத்தையாவின் கும்பிடு. பீர்மேடு பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் பேக்டரி பிட்டராக இருந்தவன் நான். எழுபதுகளின் நடுவில் ஒரு ஐப்பசி மாதம் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பல வருஷம் இதை யாரிடமும் முழுசாகச் சொல்லவில்லை. அம்மன் செய்த உதவியை மட்டும் சொல்வேன், நான் செய்த காரியத்தை மறைத்துவிடுவேன். இன்றைக்கு இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

நடு ஏரியில் படகு எஞ்சின் நின்றபோது என் மனைவி செல்லம்மாளின் கால் முழங்கால் வரை வீங்கிப் பளபளவென்று இருந்தது. ஈறிலிருந்து ரத்தம் கசிய ஆரம்பித்திருந்தது. விரியன் கடித்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. சுற்றிலும் தண்ணீர். மேலே மழை. நான் கிளப்புகிற கயிற்றை இழுக்கிறேன், எஞ்சின் செத்த மாடு மாதிரிக் கிடக்கிறது. என் வாழ்நாளில் அப்படி ஒரு அதிர்ச்சியை நான் பட்டதில்லை. உடம்பில் இருக்கிற சூடெல்லாம் ஒரே நொடியில் இறங்கிப் போனது.

முதலில் அந்தப் படகைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கீழ் டிவிஷனுக்கு அடியில் அணைத் தண்ணீர் தேங்கிய பெரிய ஏரி. அக்கரையில்தான் ஆஸ்பத்திரி, பஸ் ரோடு எல்லாம். மலையைச் சுற்றி ஜீப் ரோடு உண்டு. ஆனால் மழைக்காலத்தில் மண் சரிந்தால் வாரக்கணக்கில் அடைத்துக்கொள்ளும். அதனால் எஸ்டேட்டில் ஒரு படகு வைத்திருந்தார்கள். பின்பக்கம் மாட்டுகிற எஞ்சின். அதைப் பார்த்துக்கொள்வதும் ஓட்டுவதும் என் பொறுப்பு. இக்கரையிலிருந்து அக்கரைக்கு இருபத்தைந்து நிமிஷம்.

எஞ்சினுக்குப் பெட்ரோல் போகிற வழி ரொம்பச் சுலபம். படகுக்குள் தனியாக ஒரு தகர டாங்க். அதிலிருந்து ரப்பர் குழாய். குழாயின் நடுவில் கைக்கடக்கமாக ஒரு ரப்பர் உருண்டை. புறப்படுமுன் அதை நாலு தரம் அமுக்கினால் பெட்ரோல் எஞ்சினுக்கு ஏறும். எஞ்சினில் ஒரு சின்ன பில்டர் இருக்கும், தூசியைப் பிடிக்க. அதை அடுத்து பம்பு. பம்புக்குள் மெல்லிசான ரப்பர் தகடு ஒன்று துடித்துத் துடித்துப் பெட்ரோலை இழுக்கும். அவ்வளவுதான். இதில் எது கெட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்பைத்தான் அம்மன் முதலில் உடைத்தாள்.

அந்த வருஷம் ஆயுத பூசையை நாங்கள் தடபுடலாகக் கொண்டாடினோம். எஸ்டேட்டில் ஆயுத பூசை என்றால் தீபாவளி கெட்டது. பேக்டரியில் உருளை, சல்லடை, டைனமோ என்று ஒன்று விடாமல் கழுவித் துடைத்துப் பொட்டு வைப்போம். படகு எஞ்சினுக்கு நானே சந்தனம் அரைத்தேன். எண்ணெய்ப் பிசுக்குள்ள தகரத்தில் வெறும் சந்தனம் நிற்காது, காய்ந்ததும் உதிர்ந்துவிடும். அதனால் கொஞ்சம் மைதாப் பசை கலந்தேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

செல்லம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "சாமிக்கு வைக்கிற சந்தனத்துல மைதாவா? பொட்டு வைக்கப் போறீகளா, போஸ்டர் ஒட்டப் போறீகளா?"

"ஒனக்கென்ன தெரியும்? ஒரு வருசம் ஆனாலும் இது விழாது."

"எனக்கு ஒரு முழம் பூ வாங்கக் கையி வரல. அந்த இரும்புக்குக் கண்ணாலமே நடக்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

எஞ்சின் தலையில் மூன்று பொட்டு. படகு மூக்கில் ஒன்று. பெட்ரோல் டாங்க்கின் மூடியில் நட்டநடுவில் ரூபாய்க் காசு அளவுக்குப் பெரிய பொட்டு, அதன் மேல் குங்குமம். கற்பூரம் காட்டும்போது படகைப் பார்க்க எனக்கே கண் நிறைந்தது. பூசையில் வைத்த பொட்டை நாமாகத் துடைக்கக் கூடாது என்பது எங்கள் லயத்து வீடுகளில் எல்லாரும் காக்கிற வழக்கம். அதுவாக உதிர வேண்டும். எஞ்சினைத் தினமும் துடைப்பேன். பொட்டு இருக்கிற இடத்தை மட்டும் சுற்றித் துடைத்துவிட்டு விட்டுவிடுவேன்.

பொட்டு காய்ந்து கல்லானது. அந்த வாரமே தொல்லையும் ஆரம்பித்தது.

புறப்படும்போது எஞ்சின் பாட்டுப் பாடும். பத்து நிமிஷம் போனதும் இருமும். வேகம் குறையும். பிறகு நின்றுவிடும். கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு இழுத்தால் திரும்பப் பிடிக்கும், பாதி தூரம் போய் மறுபடி நிற்கும். பில்டர் அடைப்பு என்று சொன்னேன். கழற்றிப் பார்த்தேன். கொஞ்சம் அழுக்கு இருந்தது. கழுவி மாட்டி, டாங்க்கைத் திறந்து பெட்ரோல் ஊற்றி, கரையோரமாக ஓட்டிப் பார்த்தேன். அருமையாக ஓடியது. மறுநாள் நடு ஏரியில் நின்றது.

பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கும் என்று எல்லாவற்றையும் வடித்துக் கொட்டினேன். புதுப் பெட்ரோலைத் துணியில் வடிகட்டி ஊற்றினேன். கரையில் நன்றாக ஓடியது. நடு ஏரியில் நின்றது. அன்றோடு எனக்கே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். என்ன ஆனாலும் மழையில், ஏரி நடுவில், டாங்க் மூடியைத் திறக்கக் கூடாது. ஒரு சொட்டுத் தண்ணீர் கூட உள்ளே போகக் கூடாது.

கடைசியில் பம்பு தகடுதான் போய்விட்டது என்று முடிவு கட்டினேன். எஸ்டேட் மானேஜர் துரையிடம் சொல்லி, கொச்சியிலிருந்து புதுத் தகடு வரவழைத்தேன். மாட்டினேன். கரையில் கால் மணி நேரம் ஓட்டினேன், நிற்கவில்லை. டாங்க்கில் அன்றைக்குப் பெட்ரோல் பாதிக்கும் கீழே இருந்தது. அதை நான் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. "இனிமே இது நிக்காது சார், நான் ஜாமீன்" என்று துரையிடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்.

அதற்கு இரண்டாம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை. சாப்பாட்டு நேரம் முடிந்து பெண்கள் மறுபடி மலையில் கொழுந்து எடுக்கப் போயிருந்தார்கள். நான் பேக்டரியில் பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பாக்கியத்தக்கா மழைக்குத் தலையில் போட்ட படங்குச் சாக்கோடு ஓடி வந்தாள்.

"தம்பி, செல்லத்தைப் பாம்பு புடுங்கிருச்சுய்யா. விரியன்."

கையிலிருந்த ஸ்பானர் எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது அவளை டிஸ்பென்சரிக்குத் தூக்கி வந்திருந்தார்கள். கம்பவுண்டர் மலையாளி, நல்ல மனுஷர். காலில் துணியைக் கட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"முத்தையா, இவிடே மருந்தில்லா. அக்கரை ஆஸ்பத்திரியில் ஊசி உண்டு. ரோடு இடிஞ்சு கிடக்கு. போட்டை எடுக்கணும். வேகம். வழியில நிக்கண்டா."

வழியில் நிற்க வேண்டாம் என்று அவர் சொன்னது எனக்குச் சுருக்கென்று தைத்தது. நிற்காது என்று ஜாமீன் கொடுத்தவன் நான்தானே.

படகில் நானும் பாக்கியத்தக்காவும் செல்லம்மாளும் மட்டும். பயத்தில் டாங்க்கைக் கழுத்து வரை நிரப்பினேன். பெட்ரோல் குறைந்து நின்றது என்று இருக்கக் கூடாது பாருங்கள். மூடியை இறுக்கினேன். டாங்க்கை இருக்கைக்கு அடியில் தள்ளி, மழை படாமல் தார்பாய்த் துண்டால் போர்த்தினேன். எஞ்சின் ஒரே இழுப்பில் பிடித்தது. "ஆத்தா, மாரியாத்தா" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினேன்.

ஏரியில் முங்கிப்போன காட்டின் பட்டமரங்கள் தண்ணீருக்கு மேலே தலை நீட்டிக்கொண்டு நிற்கும். அவைதான் எங்களுக்கு அடையாளம். ஐந்தாவது மரத்தைத் தாண்டினால் பாதி தூரம். ஐந்தாவது மரத்துக்குப் போகவே இல்லை. எஞ்சின் இரண்டு தரம் இருமியது. நின்றது.

"தம்பி, என்னய்யா?" என்றாள் பாக்கியத்தக்கா.

கயிற்றை இழுத்தேன். பத்துத் தரம், இருபது தரம். உள்ளங்கை தோல் உரிந்தது. பில்டரைக் கழற்றினேன். கண்ணாடி மாதிரிச் சுத்தம். பம்பு புதுசு. கையை மடக்கி எஞ்சினைக் குத்தினேன். அப்போதுதான் குழாயின் நடுவே இருந்த ரப்பர் உருண்டையைப் பார்த்தேன். உருண்டையாகவே இல்லை அது. இரண்டு பக்கமும் உள்ளே ஒட்டி, உலர்ந்த பேரீச்சம்பழம் மாதிரிச் சப்பிக் கிடந்தது. அதை முன்னே நான் கவனித்ததே இல்லை. நின்ற உடனே எஞ்சினைப் பிரிக்கப் போய்விடுவேனே தவிர இதை யார் பார்த்தார்கள்?

சப்பியிருந்தால் என்ன அர்த்தம்? பம்பு உயிரோடு இருக்கிறது. பலமாக இழுக்கிறது. இழுத்தும் டாங்க்கிலிருந்து ஒன்றும் வரவில்லை. டாங்க் நிறையப் பெட்ரோல் இருக்கிறது. குழாயில் மடிப்பு இல்லை. ஏன் வரவில்லை? என் மூளை அதற்கு மேல் ஓடவில்லை. இத்தனை நாளாக நல்ல பம்பையும் நல்ல பில்டரையும் பிரித்துப் பிரித்து மாட்டியிருக்கிறேன் என்பது மட்டும் புரிந்தது. வெட்கம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம்.

ஒற்றைத் துடுப்பை எடுத்துப் போட்டேன். காற்று எதிரே அடித்தது. ஒரு முழம் போனால் இரண்டு முழம் பின்னே தள்ளியது.

"அவ பேச்சு கொழறுதுய்யா" என்று பாக்கியத்தக்கா அழுதாள்.

எனக்கு அம்மன் மேல் கோபம் வந்தது. மறைக்காமல் சொல்கிறேன். நடு ஏரியில் எழுந்து நின்று கத்தினேன். "ஒனக்கு நான் என்ன கொறை வச்சேன்? இந்த எஞ்சினுக்கு எம்புட்டு ஆசையா பூசை போட்டேன்! அதையே நிறுத்திப்புட்டியே!"

செல்லம்மாள் கண்ணைத் திறந்தாள். உதட்டில் ரத்தம். "சண்டை போடாதீக. எனக்குத் திருநீறு வச்சு விடுங்க" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். தண்ணீர் கூடக் கேட்கவில்லை.

சட்டைப் பையில் எப்போதும் ஒரு திருநீற்றுப் பொட்டலம் வைத்திருப்பேன். கையை விட்டேன். மழையில் கரைந்து, காகிதமும் சாம்பலும் கூழாக வந்தது. விரலோடு ஒழுகி ஓடிவிட்டது. அதைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ முறிந்தது. கோபம் போய்விட்டது. அப்படியே முழங்காலில் விழுந்தேன். "ஆத்தா, எனக்கு ஒண்ணும் தெரியல. பில்டரும் தெரியல, பம்பும் தெரியல. நான் பிட்டரும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீ பாத்துக்க. அவ நெத்தியில வைக்க ஏதாவது குடு."

என் பிரார்த்தனை அதுதான். எஞ்சின் ஓட வேண்டும் என்று கூட நான் கேட்கவில்லை. நெற்றியில் வைக்க ஏதாவது கொடு என்று கேட்டேன்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. எஞ்சின் தலையில் வைத்த பொட்டும் படகு மூக்கில் வைத்த பொட்டும் மழைக்குக் கரைந்து போயிருந்தன. தார்பாய்க்குக் கீழே, டாங்க் மூடியில் வைத்தது ஒன்றுதான் மிச்சம். பூசையில் வைத்ததைத் துடைக்கத்தானே கூடாது? பிரசாதமாக எடுத்துக்கொள்ளலாமே. தார்பாயை விலக்கினேன். கட்டை விரல் நகத்தால் சுரண்டினேன். மைதாப் பசை அல்லவா, லேசில் வரவில்லை. அழுத்திச் சுரண்டினேன். ஒரு பில்லையாகப் பெயர்ந்து வந்தது.

"புஸ்" என்று ஒரு சத்தம்.

பாம்பு என்று நினைத்துப் பாக்கியத்தக்கா காலைத் தூக்கிக்கொண்டாள். எனக்கும் தூக்கிவாரிப் போட்டது. டாங்க்குக்குள் இருந்து வந்த சத்தம் அது. யாரோ நீளமாக மூச்சை உள்ளே இழுத்தது போல இருந்தது. என் கண் முன்னாலேயே, யாரும் தொடாமலே, அந்தச் சப்பிய ரப்பர் உருண்டை மெல்ல மெல்ல உப்பி முழு உருண்டையானது.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒன்றும் புரியவில்லை. சந்தனத்தை ஏரித் தண்ணீரில் குழைத்துச் செல்லம்மாளின் நெற்றியில் அப்பினேன். திரும்பிக் கயிற்றை இழுத்தேன். முதல் இழுப்பிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது.

அக்கரை போய்ச் சேரும் வரை ஒரு தரம் கூட இருமவில்லை. நான் பம்பைப் பார்க்கவில்லை, பில்டரைப் பார்க்கவில்லை. அவள் நெற்றியை மட்டும் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். இறங்குதுறையில் ஆஸ்பத்திரி ஜீப் நின்றது. இருட்டுவதற்குள் ஊசி ஏறிவிட்டது. டாக்டர் என் தோளில் கை வைத்து, "அரை மணிக்கூர் கூடி வைகியிருந்தா கிட்டியிருக்காது, கேட்டோ" என்றார். இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் உயிர் மிஞ்சியிருக்காது என்று அர்த்தம். நான் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்து ஒரு குழந்தை மாதிரி அழுதேன்.

மறுநாள் காலையில் செல்லம்மாள் கண் விழித்துக் கஞ்சி குடித்தாள். ஈறில் ரத்தம் நின்றிருந்தது. எனக்கு ஒரு சாயா குடிக்க வேண்டும் போல இருந்தது. கிளாஸை எடுக்கும்போது கட்டை விரலைப் பார்த்தேன். நகத்துக்குள் மஞ்சளாகச் சந்தனம். அந்தப் "புஸ்" சத்தம் காதில் மறுபடி கேட்டது.

சாயாவை வைத்துவிட்டு இறங்குதுறைக்கு ஓடினேன். டாங்க் மூடியைப் பார்த்தேன். நேற்றுப் பொட்டு இருந்த இடத்தில், நட்டநடுவில், ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை.

அந்த ஓட்டை அங்கே இருப்பது எனக்குத் தெரியாதா? தெரியும். டாங்க்கில் பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போக வேண்டும். அதற்குத்தான் அந்த ஓட்டை. பிட்டர் வேலைக்கு வந்த முதல் வருஷமே தெரிந்த விஷயம். ஆனால் பொட்டு வைத்த பிறகு என் கண்ணுக்குப் பொட்டு மட்டும்தான் தெரிந்தது.

படகைத் துறையில் நட்டிருந்த கட்டையில் இழுத்துக் கட்டினேன். டாங்க்கை நிரப்பினேன். எஞ்சினை ஓடவிட்டு, ஓட்டையைக் கட்டை விரலால் அழுத்திப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தேன். பத்து நிமிஷம் ஆகவில்லை. ரப்பர் உருண்டை சப்ப ஆரம்பித்தது. எஞ்சின் இருமியது. நின்றது. விரலை எடுத்தேன். "புஸ்."

தோழர்களே, அந்த இடத்தில் எனக்கு வந்த அதிர்ச்சி முந்தின நாள் அதிர்ச்சியைவிடப் பெரிது. இத்தனை நாள் என்னை ஏமாற்றியது எது என்று அப்போதுதான் விளங்கியது. ஒவ்வொரு தரம் பழுது பார்த்த பிறகும் பெட்ரோல் ஊற்ற மூடியைத் திறப்பேன், காற்று உள்ளே போகும், கரையில் நன்றாக ஓடும். பாதி டாங்க்கில் காற்று நிறைய இருந்ததால் அதிக நேரம் ஓடியது. கழுத்து வரை நிரப்பிய அன்று சீக்கிரமே நின்றது. பம்பு இல்லை, பில்டர் இல்லை. என் பொண்டாட்டியைக் கொல்லப் பார்த்தது என் கை. அதுவும் பூசை போட்ட கை. மைதா கலந்து, ஒரு வருஷம் விழாது என்று பெருமை பேசிய கை.

கரையில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மன் எஞ்சினை நிறுத்திவிட்டாள் என்று அவள் மேல் பழி போட்டுக் கத்தினேனே! அத்தனை பழியையும் கேட்டுக்கொண்டு, அவள் என் நகத்தைப் பிடித்துச் சரியான இடத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறாள்.

யூனியன் ஆபீஸில் ஒருவரிடம் பின்னால் இதைச் சொன்னேன். அவருக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. "அடைப்பு எடுத்தீரு, ஓடுச்சு. இதுல ஆத்தா எங்க வந்தா?" என்று சிரித்தார். அவரோடு நான் சண்டை போடவில்லை. ஒன்று மட்டும் கேட்டேன். இரண்டு வாரமாக எஞ்சினில் கை வைக்காத இடம் இல்லை. கை வைக்கவே கூடாது என்று நான் விட்டுவைத்தது அந்த ஒரே இடம். பையிலிருந்த திருநீறு நனையாமல் இருந்திருந்தால் அதைப் பூசிவிட்டுச் செல்லம்மாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என் கையை அங்கே கொண்டுபோனது யார்? அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டார்.

செல்லம்மாளிடம் உண்மையைச் சொல்ல எனக்கு எட்டு மாதம் ஆனது. அவள் நொண்டாமல் மலை ஏற ஆரம்பித்த பிறகு ஒரு நாள் சொன்னேன். திட்டுவாள், அழுவாள் என்று நினைத்தேன். அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"அப்ப அன்னிக்கு என் நெத்தியில ஒட்டுனது மைதாவா?"

தலையைக் குனிந்துகொண்டேன். அவள் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எஞ்சினும் மூச்சு முட்டிக் கெடந்துச்சு, நானும் மூச்சு முட்டிக் கெடந்தேன். ஆத்தா ரெண்டு பேருக்கும் ஒண்ணாத் தொறந்து விட்டுட்டா. விடுங்க" என்றாள்.

அன்றிலிருந்து நான் வேலை பார்க்கிற விதமே மாறிப்போனது. எந்த எஞ்சின் நின்றாலும் ஸ்பானரைக் கையில் எடுக்குமுன் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொள்வேன். "ஆத்தா, எனக்குத் தெரியாது, நீ காட்டு" என்பேன். பிறகு, இது கெடுவதற்கு முன்னால் கடைசியாக இதில் கை வைத்தது யார், என்ன செய்தேன் என்று என்னை நானே கேட்டுக்கொள்வேன். பாதிப் பழுது அங்கேயே தெரிந்துவிடுகிறது. ஜாமீன் கொடுக்கிற பேச்சை விட்டுவிட்டேன்.

ஆயுத பூசையை விடவில்லை. இப்போதும் சந்தனம் நானே அரைக்கிறேன், மைதா கிடையாது. பொட்டு டாங்க்கின் பக்கவாட்டில் போகும். நான் கற்பூரம் காட்டி முடித்ததும் செல்லம்மாள் வருவாள். முந்தானையில் குத்தியிருக்கிற ஊக்கைக் கழற்றி, மூடியின் ஓட்டையில் ஒரு குத்துக் குத்திப் பார்த்துவிட்டு, என்னை ஒரு பார்வை பார்ப்பாள். அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டில் பூசை முடிந்த கணக்கு.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது இன்றைக்கு நடு ஏரியில் நிற்கலாம். வீட்டில் நோவு இருக்கலாம், வேறு ஏதோ பெரிய அடைப்பு இருக்கலாம். எனக்குத் தெரியாது என்று அம்மனிடம் சொல்லுங்கள். கோபம் வந்தால் கத்துங்கள், அவள் தாங்கிக்கொள்வாள். உங்களிடம் மிச்சம் இருக்கிறது எதுவோ, அது ஒரு சிட்டிகையாக இருந்தாலும், பக்கத்தில் துடிக்கிற உயிருக்கு எடுத்து வையுங்கள். வழி அங்கேதான் திறந்தது எனக்கு. பொட்டு வையுங்கள், பூச்சூட்டுங்கள், எல்லாம் செய்யுங்கள். மூடியின் நடுவை மட்டும் அவளுக்கு விட்டுவையுங்கள்.